கிங்ஸ் கிராஸ் – பீட்டர்பரோ: ரயில் சிமுலேட்டருக்கு ஒரு தடத்தை முன்மொழிந்த அனுபவம்

லண்டன் கிங்ஸ் கிராஸ் முதல் பீட்டர்பரோ வரை 76¼ மைல். கிலோமீட்டரில் ஏறக்குறைய 123. பிரிட்டனின் ஈஸ்ட் கோஸ்ட் மெயின் லைனுக்கு இதுதான் தெற்கு முனை. எடின்பரோவுக்குப் பறக்கும் வண்டியும், நெப்வொர்த் போன்ற சின்ன ஊர்களில் நின்று நின்று போகும் வண்டியும் ஒரே தண்டவாளத்துக்குப் போட்டி போடும் பகுதி. ட்ரெயின் சிம் வேர்ல்ட் என்ற ரயில் ஓட்டும் விளையாட்டில் இதே பாதையின் பீட்டர்பரோ – டான்காஸ்டர் துண்டு 2023-இல் வந்தது. அதை ஓட்டிப் பழகிய பிறகு, லண்டன் பக்கத்துத் துண்டையும் முறையாக எழுதி முன்வைக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. எழுதி முடித்தும் விட்டேன். எப்படித் தயாரித்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வேறொரு தடத்துக்கு எழுத நினைப்பவருக்கும் இந்த வேலைமுறை உதவும்.

தடம் கேட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயர்களையும் அங்கே ஓடும் வண்டிகளையும் அடுக்கி, சில படங்களைச் சேர்த்து, 'மிகவும் பரபரப்பான பாதை' என்று முடித்துவிடுகிறார்கள். விளையாட்டைத் தயாரிப்பவருக்கு அது போதாது. ஓட்டுபவரின் கைக்கு ஒரு மணி நேரம் என்ன வேலை என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். பக்கத்துப் பாதையில் எத்தனை வண்டி போனாலும், எனக்கு வரிசையாகப் பச்சை சிக்னலே கிடைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பரபரப்பு ஜன்னலுக்கு வெளியே மட்டும்தான் இருக்கிறது. முன்னால் போகும் வண்டி என் வழியை அடைக்க வேண்டும், நான் பிரேக்கைத் தொட வேண்டும். அப்படிப்பட்ட இடம் எது என்று காட்டி, அங்கிருந்தே முன்மொழிவைத் தொடங்கினேன்.

அந்த இடம் வெல்வின். கிங்ஸ் கிராஸில் இருந்து வரும் நான்கு பாதைகள் வெல்வின் கார்டன் சிட்டியைத் தாண்டியதும் டிக்ஸ்வெல் என்ற இடத்தில் இரண்டாகக் குறுகுகின்றன. 1850-இல் திறக்கப்பட்ட, 40 வளைவுகள் கொண்ட செங்கல் பாலத்தில் மிம்ரம் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடந்து, வெல்வின் நார்த் நிலையம், அப்புறம் இரண்டு சுரங்கம் என்று போய், வுல்மர் கிரீனில்தான் மறுபடி நான்காகப் பிரிகின்றன. நடுவில் ஏறக்குறைய மூன்று மைல். வடக்கே போக ஒரு பாதை, தெற்கே வர ஒரு பாதை, அவ்வளவுதான். வெல்வின் நார்த்தில் ஒதுங்கி நிற்கத் தனித் தடம் கிடையாது. ஒரு வண்டி அங்கே நடைமேடையில் நின்று கதவைத் திறந்தால், பின்னால் வருகிற அதிவிரைவு வண்டிக்கும் வழி அடைபட்டுவிடும். பாலத்தை அகலப்படுத்துவது, சுரங்கம் தோண்டுவது எல்லாம் பெரும் செலவு என்பதால் இத்தனை காலமும் அந்தக் குறுகல் அப்படியே நீடிக்கிறது.

இதை வெறும் வார்த்தையில் சொன்னால் நிற்காது, வரைந்து காட்ட வேண்டும். அதற்குத் தேவையான தரவு எல்லாமே பொதுவில் கிடைக்கிறது. பிரிட்டனின் ரயில் பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயில், கால அட்டவணைத் தரவைப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. பயணிகள் பார்க்கிற அட்டவணை இந்த வேலைக்கு உதவாது. ஊழியர்களுக்கான வேலை அட்டவணைதான் வேண்டும். அதில் நேரம் அரை நிமிடம் வரை பிரித்துப் போடப்பட்டிருக்கும், நிற்காமல் கடக்கும் இடங்களுக்கும் நேரம் இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு எழுத்தில் ஒரு அடையாளம் உண்டு. முதல் எண் 1 என்றால் விரைவு வண்டி, 2 என்றால் சாதாரண வண்டி, 6 என்றால் மணிக்கு 60 மைல் வரை போகும் சரக்கு. லண்டனைத் தெற்கு வடக்காகக் கடக்கும் தேம்ஸ்லிங்க் வண்டிகளின் அடையாளம் இந்தப் பாதையில் 9-இல் தொடங்கும். இது தெரிந்தால் எக்செலில் வடிகட்டுவது சுலபம்.

அந்த அட்டவணையில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் அதன் அடைப்புக்குறிகள். சதுர அடைப்புக்குள் இருப்பது பாதைப் பராமரிப்பு வேலைக்காகச் சேர்த்த நேரம். கோண அடைப்பு, தாமதத்தை ஈடுகட்ட வைத்த நேரம். சாதாரண வளைவு அடைப்புக்குள் ஒரு எண் இருந்தால், முன்னால் இன்னொரு வண்டி இருப்பதால் இந்த வண்டியை வேண்டுமென்றே மெதுவாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அட்டவணை போட்டவரே 'இங்கே நெருக்கடி' என்று குறித்து வைத்திருக்கிறார். சிமுலேட்டருக்கு எந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பது என்று தவிப்பவர் இந்த வளைவு அடைப்புகளைத் தேடிப் போனால் போதும். நல்ல சேவைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

மாலை உச்ச நேரத்து வண்டிகளை எடுத்து ஒரு கோட்டுப் படம் போட்டேன். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் மைல். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்கோடு. வேக வண்டியின் கோடு செங்குத்தாக ஏறும், நின்று போகும் வண்டியின் கோடு படிப்படியாகச் சாயும். ஒரே தடத்தில் ஒரே திசையில் போகும் இரண்டு கோடுகள் எங்கேயும் வெட்டிக்கொள்ளக் கூடாது. ஃபின்ஸ்பரி பார்க்குக்கும் பாட்டர்ஸ் பாருக்கும் நடுவில் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன, ஆனால் அவை வேறு வேறு தடம் என்பதால் பிரச்சினை இல்லை. டிக்ஸ்வெல்லுக்கும் வுல்மர் கிரீனுக்கும் நடுவில் மட்டும் எல்லாக் கோடுகளும் ஒன்றையொன்று உரசாமல் வரிசையில் ஒடுங்கிப் போகின்றன. மணிக்கு 100 மைல் வேகத்தில் அந்த மூன்று மைலைக் கடக்க இரண்டு நிமிடம்கூட வேண்டாம். வெல்வின் நார்த்தில் நிற்கும் வண்டிக்கு, வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகம் பிடித்து வெளியேற என் கோட்டுப் படத்தில் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளிக்குள் பின்னால் வரும் விரைவு வண்டியின் ஓட்டுநருக்கு முதலில் இரட்டை மஞ்சள், அப்புறம் ஒற்றை மஞ்சள், அதாவது நிற்கத் தயாராகு என்று அடுத்தடுத்து எச்சரிக்கும் சிக்னல்கள். தடத்தின் உயிரே இந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. படத்தை முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே வைத்தேன்.

அடுத்து, எந்த வருடம்? இதில்தான் நிறைய யோசித்தேன். இன்றைய அட்டவணையைக் கேட்பது தயாரிப்பவருக்குச் சுலபம். ஆனால் நான் 2019 கோடையைக் கேட்டேன். காரணம் வண்டிகள். அந்த வருடம் மே மாதம்தான் அசுமா என்ற புதிய விரைவு வண்டிகள் பயணிகளோடு ஓடத் தொடங்கின. 1970-களில் பிறந்த ஹெச்எஸ்டி டீசல் வண்டிகள் அந்த வருடம் டிசம்பர் வரை எல்என்இஆர் நிறுவனத்தில் ஓடின. கிளாஸ் 91 வகை இன்ஜின் தள்ளியும் இழுத்தும் போகும் மார்க் 4 பெட்டிகளும் முழு வேலையில் இருந்தன. ஃபின்ஸ்பரி பார்க்கில் பிரிந்து லண்டன் நகருக்குள் போகும் மூர்கேட் கிளையில் பழைய கிளாஸ் 313-இடம் இருந்து புதிய 717-க்குச் சேவை கைமாறிக்கொண்டிருந்தது. 313 செப்டம்பர் கடைசியில் அந்தப் பாதையை விட்டுப் போய்விட்டது. இவற்றோடு கிளாஸ் 700, 387, 365. ஜூன், ஜூலையில் ஒரு வேலைநாளை எடுத்தால் மூன்று தலைமுறை வண்டிகள் ஒரே நடைமேடை விளிம்பில் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அது இன்னும் முக்கியம். இந்தப் பாதையில் பாதையோர சிக்னல்களையே எடுத்துவிட்டு, ஓட்டுநர் அறைத் திரையில் அனுமதி காட்டும் ஈடிசிஎஸ் முறைக்கு மாற்றும் வேலை நடக்கிறது. மூர்கேட் கிளையில் 2025-இல் விளக்குக் கம்பங்கள் போய்விட்டன. அடுத்து கிங்ஸ் கிராஸில் இருந்து கிரான்தம் ஊருக்குத் தெற்குவரை அதே ஏற்பாடு வரப்போகிறது. பச்சை, இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிலை விளக்குகளைப் படித்துக்கொண்டு மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டும் அந்தத் திறமை இந்தப் பாதையில் இனி இருக்காது. அதை ஒரு விளையாட்டாவது சரியாகப் பதிந்து வைக்கட்டும் என்பது என் உண்மையான விருப்பம். முன்மொழிவில் இந்தப் பத்தியைச் சுருக்கவே இல்லை.

2019-ஐக் கேட்பதால் ஒரு கூடுதல் வேலை வருகிறது. கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் நுழைவுத் தண்டவாள அமைப்பை 2021-இல் முற்றிலும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். 1977 முதல் மூடிக் கிடந்த கேஸ்வொர்க்ஸ் சுரங்கத்தின் மூன்றாவது குகையைத் திறந்து, நிலையத்துக்குள் வரும் பாதைகளை நான்கில் இருந்து ஆறாக்கினார்கள். ஒரு நடைமேடையைக் கைவிட்டார்கள். எனவே இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து 2019-ஐ வரைந்தால் தப்பாகிவிடும். பழைய செயற்கைக்கோள் படங்கள், அந்தக் காலத்து ஓட்டுநர் அறைக் காணொளிகள், நெட்வொர்க் ரெயில் வெளியிடும் செக்‌ஷனல் அப்பெண்டிக்ஸ் ஆவணத்தின் பழைய பதிப்பு, மூன்றையும் பக்கத்தில் வைத்து 0 முதல் 11 வரை பன்னிரண்டு நடைமேடைகளுக்கும் எந்தெந்தத் தடத்தில் இருந்து போகலாம் என்று ஒரு அட்டவணை போட்டேன். அந்த ஆவணத்தில் தூரம் எல்லாம் மைலிலும் செயினிலும்தான் இருக்கும். 80 செயின் ஒரு மைல், ஒரு செயின் 20 மீட்டர் சொச்சம். முதலிலேயே எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றி ஒரு நெடுவரிசையில் வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு சிக்னலுக்கும் கணக்குப் போட்டே பொழுது போய்விடும்.

எல்லைகளை வெட்டுவது மனசுக்குக் கஷ்டமான வேலை. பிரதான பாதையில் மட்டும் கிங்ஸ் கிராஸையும் பீட்டர்பரோவையும் சேர்த்து 24 நிலையங்கள். ஹெர்ட்ஃபோர்ட் லூப்பைச் சேர்த்தால் இன்னும் 11. அலெக்ஸாண்ட்ரா பேலஸில் பிரிந்து, ஹெர்ட்ஃபோர்ட் நார்த் வழியாகப் போய் ஸ்டீவனேஜ் பக்கத்தில் மறுபடி சேரும் அழகான பாதை அது. ஆனாலும் வெட்டினேன். அதில் ஓடுபவை பெரும்பாலும் ஒரே மாதிரி வண்டிகள், நெருக்கடியும் குறைவு. மூர்கேட் கிளையை மட்டும் விடவே இல்லை. ஐந்து நிலையங்கள், எல்லாம் சேர்ந்து குறுகிய தூரம், அதற்குள் அவ்வளவு சங்கதி.

மூர்கேட்டில் இருந்து ட்ரேட்டன் பார்க் வரை, தரையோரம் மின்சாரம் தரும் 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளம். 1904-இல் திறந்தபோதே மெயின் லைன் வண்டிகள் போகும்படி 16 அடி விட்டத்தில் குடைந்த சுரங்கம். ட்ரேட்டன் பார்க்கில் வண்டி நின்றிருக்கும்போதே ஓட்டுநர் பேண்டோகிராஃபை, அதாவது கூரைமேல் இருக்கும் மின்வாங்கியைத் தூக்கி, மேல்மின் கம்பியின் 25,000 வோல்ட்டுக்கு மாற வேண்டும்.  அப்புறம் ஆர்சனல் மைதானத்தை ஒட்டி ஏற்றத்தில் ஏறி, ஃபின்ஸ்பரி பார்க்கில் நான்கு பாதைக் கூட்டத்தோடு கலக்க வேண்டும். விளையாடுபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் நான் யோசித்துப் பார்த்தவரை இல்லை. 313 ஏற்கனவே அந்த விளையாட்டில் உண்டு, ஆனால் பிரைட்டன் பக்கத்துப் பதிப்பு. அது மூன்றாம் தண்டவாளத்தில் மட்டும் ஓடியது, மேல்மின் இயக்கத்தைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். 717-க்கும் 700-க்கும் ஓட்டுநர் அறை நெருங்கிய உறவு என்றாலும், சுரங்கத்தில் இருந்து பயணிகளை இறக்க 717-இன் முகப்பில் அவசரக் கதவு உண்டு. அந்த ஒரு கதவால் ஓட்டுநர் முன்னால் பார்க்கும் காட்சியே மாறுகிறது. இப்படிப்பட்ட குறிப்புகள் தயாரிப்பவரின் செலவுக் கணக்குக்கு உதவும்.

கேம்பிரிட்ஜ் பக்கம் லெட்ச்வொர்த்தோடு நிறுத்தினேன். அதற்குக் காரணம் ஹிச்சின். 2013 வரை கேம்பிரிட்ஜ் போகும் வண்டி அங்கே தெற்கு நோக்கி வரும் பாதைகளைக் குறுக்கே வெட்டித்தான் போகும். அந்த வருடம் மேம்பாலம் திறந்ததும் அது தீர்ந்தது. மேம்பாலத்தில் ஏறி, கீழே 125 மைல் வேகத்தில் ஓடும் வண்டியைப் பார்த்தபடி வளைந்து போவதை ஓட்டுபவருக்குக் கொடுக்காமல் விடக் கூடாது. தேம்ஸ்லிங்க் வண்டிகள் செயின்ட் பேங்க்ராஸின் நிலத்தடி நடைமேடையில் தொடங்கி, கனால் டனல்ஸ் வழியாக பெல் ஐலில் மெயின் லைனைச் சேரும். செயின்ட் பேங்க்ராஸுக்குத் தெற்கே முன்மொழிவு போகவில்லை.

வெறும் காகிதத்தில் அனுப்ப மனம் ஒப்பவில்லை. ட்ரெயின் சிமுலேட்டர் கிளாசிக் என்ற இன்னொரு விளையாட்டில் தடம் கட்டும் கருவியான ரூட் எடிட்டரில் ஹாட்ஃபீல்டு – வுல்மர் கிரீன் துண்டை மட்டும் கட்டிப் பார்த்தேன். எடிட்டருக்குள் இறக்கும் நிலமட்டத் தரவில் இரண்டு அளவீடுகளுக்கு நடுவில் 90 மீட்டர் இடைவெளி. மிம்ரம் பள்ளத்தாக்கு அதில் ஒரு சப்பையான குழியாகத்தான் வந்தது. 30 மீட்டர் உயரப் பாலம் நிற்க வேண்டிய இடத்தில் அந்த உயரமே இல்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்டிருக்கும் லைடார் தரவை, அதாவது லேசர் ஒளியால் நிலத்தின் உயரத்தை அளந்த தரவை, எடுத்தேன். ஒரு மீட்டர் நுணுக்கம், இலவசம். அதில் இரண்டு பதிப்பு உண்டு. மரம், கட்டடம் எல்லாவற்றையும் நீக்கிய வெற்று நிலப் பதிப்பில் பாலமும் காணாமல் போய்விடும். பள்ளத்தாக்கின் அடியை அதில் இருந்து எடுக்கலாம். தண்டவாளத்தின் மட்டத்துக்கு மேற்பரப்புப் பதிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே குறுக்குவெட்டில் போட்டதும் பாலத்தின் உயரம் தானாக வெளியே வந்தது. அந்த எண்களை வைத்து நிலத்தைக் கையால் செதுக்கினேன். எடிட்டர் சரிவை விழுக்காட்டில் கேட்கும். பிரிட்டிஷ் ஆவணங்கள் 'இருநூறில் ஒன்று' என்ற மாதிரி எழுதும். அதாவது 0.5 விழுக்காடு. அலெக்ஸாண்ட்ரா பேலஸ் பக்கத்தில் இருந்து பாட்டர்ஸ் பார் வரைக்கும் தடம் இந்தச் சரிவில்தான் ஏறிக்கொண்டே போகிறது.

சிக்னல்களை வைத்து, முன்னால் ஒரு நிற்கும் வண்டியைத் தானியங்கியாக ஓடவிட்டு, பின்னால் ஹெச்எஸ்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஹாட்ஃபீல்டு தாண்டும்வரை பச்சை. வெல்வின் கார்டன் சிட்டி நெருங்கும்போது இரட்டை மஞ்சள். ஓட்டுநர் அறையில் எச்சரிக்கை ஹாரன் அடித்தது, பொத்தானை அழுத்தி ஹாரனை நிறுத்தினேன், அங்கிருக்கும் கறுப்பு வட்டில் எச்சரிக்கையை ஏற்றதன் அடையாளமாக மஞ்சள் இதழ்கள் தோன்றின. பிரேக்கை ஒரு படி போட்டேன். அடுத்தது ஒற்றை மஞ்சள். சிவப்பை எதிர்பார்த்து வேகத்தை இறக்கிக்கொண்டே வரும்போது, தூரத்தில் அது மஞ்சளாக மாறியது. பாலத்தின் 475 மீட்டரை 100 மைல் வேகத்தில் பத்து விநாடி சொச்சத்தில் கடந்திருப்பேன். இப்போது ஊர்ந்து கடந்ததால், கீழே ஊர்க்கூரைகளும் ஆற்றோர மரங்களும் நிதானமாகத் தெரிந்தன. அட்டவணையில் வளைவு அடைப்புக்குள் இருந்த எண்ணைக் கையால் உணர்ந்தது அங்கேதான். அந்த ஓட்டத்தைப் பதிவு செய்து முன்மொழிவோடு இணைத்தேன்.

அதில் இருந்து ஒரு யோசனையும் கிடைத்தது. ஒரே சம்பவத்தை இரண்டு அறைகளில் இருந்து ஓட்டக் கொடுக்கலாம். முதல் சேவையில் நீங்கள் வெல்வின் நார்த்தில் நிற்கும் கேம்பிரிட்ஜ் வண்டியின் ஓட்டுநர். பின்னால் ஒரு விரைவு வண்டி காத்திருக்கிறது என்று தெரியும், கதவை மூடியதும் ஒரு விநாடிகூட வீணாக்காமல் கிளப்ப வேண்டும். இரண்டாவது சேவையில் அந்த விரைவு வண்டியே நீங்கள்தான். அட்டவணை முழுவதையும் இப்படி இணை இணையாக அடுக்கினால், தடத்தின் நெருக்கடியை ஓட்டுபவர் இரண்டு பக்கமும் புரிந்துகொள்வார். முன்மொழிவில் சேவைப் பட்டியலை இந்த அடிப்படையில்தான் எழுதினேன்.

வடக்குப் பாதியைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. ஹிச்சின் தாண்டினால் வேகம்தான் முக்கியம். ஆஃபர்டில் கிரேட் ஊஸ் ஆற்றை ஒட்டி வளையும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், பிக்கில்ஸ்வேடில் கட்டடக் கற்கள் ஏற்றி வரும் சரக்கு வண்டிக்கு ஒரு இறக்குமிடம் உண்டு, ஹண்டிங்டனுக்கு அப்பால் நான்கு பாதையும் தொடர்ந்து வராது. ஹோம் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் சுள்ளிக்கட்டுகளை மிதவையாகப் பரப்பி அதன்மேல்தான் 1840-களின் கடைசியில் பாதை போட்டார்கள். கண்ணுக்கெட்டும் தூரம்வரை சமவெளி, வீடுகள் குறைவு. காட்சி அமைப்பவருக்கு லண்டன் பக்கம் எடுக்கும் உழைப்பை இங்கே மிச்சப்படுத்தலாம் என்று கணக்கோடு சொன்னேன். ஒன்றை மட்டும் வலியுறுத்தினேன். மேல்மின் கம்பி. இந்தப் பாதையின் பெரும்பகுதியில் நான்கு தடத்துக்கும் குறுக்கே, இரண்டு ஓரக் கம்பங்களுக்கு நடுவில், வெறும் கம்பிகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஹெட்ஸ்பான் என்பார்கள். கனமான இரும்புச் சட்டங்களை வைத்துவிட்டால் ஓட்டுநர் கண்ணுக்கு அது வேறு பாதையாகிவிடும்.

கடைசியாக, முன்மொழிவு எப்படி அமைந்தது என்று சொல்கிறேன். முதல் பக்கம் வரைபடமும் கோட்டுப் படமும். இரண்டாவது, 2019 ஏன் என்ற பத்தி. அடுத்து நிலையங்கள், வண்டிகள். ஏற்கனவே விளையாட்டில் இருக்கும் அசுமா, ஹெச்எஸ்டி, 387 ஆகியவை ஒரு பக்கம், புதிதாகச் செய்ய வேண்டியவை ஒரு பக்கம். நிறுவனச் சின்னங்களுக்கு அனுமதி தேவைப்படும் இடங்களைத் தனியாகக் குறித்தேன். அப்புறம் இணைச் சேவைகள், காணொளி. தரவுக் கோப்புகளைப் பின்னிணைப்பாக வைத்தேன், படிப்பவரை அதில் மூழ்கடிக்கவில்லை.

இப்போது ஹெர்ட்ஃபோர்ட் லூப்புக்கும் அதே கோட்டுப் படத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வெல்வின் பக்கம் பாதை அடைபட்டால் வண்டிகளை அந்த லூப் வழியாகத்தான் திருப்பிவிடுவார்கள். அப்படி ஒரு நாளின் அட்டவணை கிடைத்தால், வெட்டிய அந்த 11 நிலையங்களையும் இரண்டாம் பாகமாகக் கேட்க ஒரு வலுவான காரணம் கிடைக்கும்.